குப்புறப் படுத்த ரிப்காவும் பத்துக்குரல் முனாபும்

ஏறாவூர்ச் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும் இடத்தில் நின்ற ஒருத்தி சொன்னதாக, அவளுடைய மச்சாள் வாழைச்சேனையில் இருக்கும் தங்கைக்குச் சொல்லி, தங்கை அதைக் குரல்பதிவாகக் கட்டாருக்கு அனுப்பி, அங்கேயிருந்து அந்தக் கதை மறுபடியும் ஏறாவூருக்கே வந்து சேர்ந்தபோது இப்படி இருந்தது: ஓட்டோ ஓடுகிற முனாப் இப்போது ஒழுங்காக ஹயர் ஓட்டத்துக்குப் போவதில்லை. பெண்கள் புழங்கும் அறைக்குள்ளே, சட்டையில்லாமல், சாய்மனைக் கதிரையில் கிடந்து, பிறந்த பிள்ளைக்குத் தானே பால் கொடுக்கிறான்.

கட்டாரில் இதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தவன் பஹ்மி, முனாபின் மனைவி நஸீறாவின் தம்பி. வெயிலில் நின்று கம்பி கட்டுகிறவன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முனாபுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினான். "மச்சான், ஊரில என்னமோ கதைக்கிறாங்க. பொய்யெண்டா உடனே சொல்லுங்க. உண்மையெண்டா எனக்கிட்டச் சொல்லாதீங்க."

ஒரே வார்த்தையில் மறுத்திருக்கலாம். பிள்ளை நெஞ்சின்மேல் நித்திரையாகக் கிடந்ததால் முனாப் போனை வாயோடு ஒட்டி வைத்துக் குசுகுசுத்தான்: "இடப்பக்கம் குறையில்ல மச்சான். வலப்பக்கம்தான் கொஞ்சம் காணாது."

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? சம்பந்தப்பட்டவனே ஒத்துக்கொண்டுவிட்டான்.

உண்மை அவ்வளவு ருசியானதல்ல. பால் கொடுத்தது நஸீறாதான். ஆனால் பால் குடித்த பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. முதுகில் தையல் இருந்தது. பாயில் குப்புறப் போட்டால் வீரிட்டு அழுதது. முனாபின் நெஞ்சில் குப்புறப் போட்டால் மட்டும் அடங்கித் தூங்கியது. சட்டைப் பொத்தான் குத்தும் என்று அவன் சட்டையைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்து, ஓட்டோவில் பாட்டுப் போட்டபடி ரொட்டி விற்க வரும் பாண்காரன் மீதிக்காசு கொடுக்க யன்னலால் எட்டிப் பார்த்தான். மிச்சத்தை அவன் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டு, பாணோடு சேர்த்துத் தெருத்தெருவாக விற்றான்.

முனாபுக்குப் பொய் சொல்வது தொழிலல்ல; தொழில் ஓட்டோ. ஏறாவூர் ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்கும் ஓட்டோக்களில், சேறு தடுக்கும் பின்பக்க மட்காட்டில் மூன்று நிறத்தில் 'மாஷா அல்லாஹ்' எழுதியிருப்பது அவனுடையது. கல்குடாவுக்குக் கடல் பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்களிடம், வழியில் சேற்றில் கிடக்கும் எருமைகள் எல்லாம் தன் வாப்பாவின் சொத்து என்றும், பங்கு பிரிக்கும்போது மனத்தாங்கல் வந்ததால் அவை தன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் சொல்வான். எருமைகளும் அதற்கேற்றாற்போல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய வித்தை அவனுடைய தொண்டையில் இருந்தது. யாருடைய குரலிலும் பேசுவான். பெண் வீட்டோடு போய் இருப்பதுதான் அந்த ஊர் ஆண்களின் வழக்கம். அப்படி அவன் போய்ச் சேர்ந்த வளவில் ஒரே முற்றத்தைப் பார்த்தபடி இரண்டு வீடுகள். ஒன்று நஸீறாவுக்கு, மற்றது அவளுடைய மூத்த ராத்தா முப்லிஹாவுக்கு. முப்லிஹா கோழிகளைக் கூப்பிடும் குரலில் முனாப் கூப்பிட்டால் அவளுடைய கோழிகளே ஏமாந்து ஓடிவரும். ஒருநாள் முப்லிஹாவின் கணவன் நிஸ்தார் சந்தையில் தன் சாரன் துணிக்கடையில் இருந்தபோது, முனாப் வேறொருவருடைய போனிலிருந்து அழைத்து, முப்லிஹாவின் குரலை இன்னும் கொஞ்சம் குழைத்து, மனம் ஒரு மாதிரி இருக்கிறது, வரும்போது ஐஸ்கிரீம் வாங்கி வாருங்கள் என்றான். கலியாணம் முடித்த நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டிராத நிஸ்தார் கடையை அடைத்துவிட்டு, வெனிலாவில் ஒன்று மாம்பழத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். முப்லிஹா அவரை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்: "ஆருக்குச் சுகமில்ல?"

இப்படிப்பட்டவன் ஒருநாள் பட்டினத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதே முற்றத்தில் நின்று உண்மை சொன்னான்.

ஸ்கேனில் ஏதோ சந்தேகம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதை அவனும் நஸீறாவும் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்த அன்று மறைக்க வழியில்லை. முப்லிஹா, பிள்ளை பெற்ற தங்கைக்காகக் காய மருந்து இடித்துக்கொண்டிருந்தாள். முனாப் சொன்னான்: பெண் பிள்ளை. முதுகெலும்பு மூடவேண்டிய இடத்தில் மூடவில்லை. இடுப்புக்குப் பின்னால், நாரிக்குக் கிட்ட ஒரு தண்ணீர்ப் பை போல வெளியே நிற்கிறது. ஒப்பரேஷன் செய்யவேண்டும்.

முப்லிஹா உலக்கையை நிறுத்தவே இல்லை. "போன மாசம் ரெட்டைப் பிள்ளை எண்டாய். இப்ப பையும் கையுமா வந்திருக்கா? காயத்துக்கு மிளகு காணாது, ஓடிப்போய் வாங்கிட்டு வா."

அவன் போய் மிளகு வாங்கிவந்தான். மிளகைக் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றான். கடைக்காரன் சொன்ன கதை, வழியில் கண்ட கூத்து, எதுவும் சொல்லவில்லை. அப்போதுதான் முப்லிஹா உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

பச்சைப்பிள்ளைகள் வாட்டில் தாதி லில்லியன் மிஸ்தான் ராணி. பட்டினத்துப் பறங்கிக் குடும்பம். நெஞ்சில் சிறு சிலுவை, காலில் சத்தமே போடாத செருப்பு. எதையும் சொல்வதற்கு முன் பல்லி போல இரண்டு தரம் 'ச்சு ச்சு' என்பார். அந்தச் சத்தம் கேட்டால் வாட்டின் அந்த மூலையில் நிற்கும் தகப்பன்மாரும் நிமிர்ந்து நிற்பார்கள். நஸீறா வயிறு கிழித்த புண்ணோடும் காய்ச்சலோடும் வேறு வாட்டில் கிடந்தாள். ஆகவே பாடம் முழுவதும் முனாபுக்கு.

பையின் மேல் உப்புநீரில் நனைத்த துணி. அது காயவே கூடாது. அதற்கு மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். பிள்ளை எப்போதும் குப்புற, அல்லது ஒருக்களித்து. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறுகை இடுப்புக்குக் கீழே. முதுகில் விரல் நுனிகூடப் படக்கூடாது.

"ச்சு ச்சு. கேளுங்க தம்பி," என்றார் லில்லியன் மிஸ். "மற்றப் பிள்ளைகளுக்கு முகம் முன்னுக்கு. இந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு முதுகுதான் முகம். முகத்தில ஆரும் கைய வைக்க விடுவீங்களா?"

பையை உள்ளே தள்ளி முதுகை மூடித் தைத்த பிறகு, தையலுக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டை மிஸ் குறுக்கே ஒட்டினார். பிள்ளை மலம் கழித்தால் அது தையலுக்கு ஏறக்கூடாது. முனாப் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு, பிள்ளை பிறந்த நாளிலிருந்து முதன்முதலாக, சிரித்துவிட்டான். "மிஸ், இது மட்காட்."

மிஸ் கடுமையாகப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் புதிதாக ஒட்டிய துண்டின் வெளிப்பக்கத்தில், கறுப்புப் பேனையால், கிழக்கு மாகாண ஓட்டோவின் இலக்கத்தகடு போலவே, பிள்ளையின் பேரோடு, 'ஈ.பி. - ரிப்கா' என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று கேட்டதற்கு லில்லியன் மிஸ் ச்சு ச்சு என்றுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார்.

ரிப்காவின் இடது கால் உதைத்தது. வலது கால் யோசித்து யோசித்து அசைந்தது. நடப்பாளா என்பதைப் போகப்போகத்தான் சொல்லலாம் என்றார் டொக்டர். சிறுநீரும் தானாக முழுக்கப் போகாது. மெல்லிய குழாய் போட்டு எடுக்க முனாப் பழகினான், பிறகு நஸீறாவுக்கும் பழக்கினான். தொடவே பயந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளை அவன் இழுத்து வந்தது புத்திமதி சொல்லியல்ல. நஸீறாவின் குரலிலேயே, "என்ட பிள்ளையத் தாங்க, இந்த மனிசனுக்கு ஓட்டோவத் தவிர ஒண்டும் தூக்கத் தெரியா," என்று பிள்ளையின் பக்கத்தில் நின்று சொன்னான். அவள் புண் வலிக்கச் சிரித்து, சிரித்த வேகத்தில் கையை நீட்டிவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது லில்லியன் மிஸ் ஒரு அளவு நாடாவைக் கொடுத்தார். முதுகை மூடியாகிவிட்டது, இனிப் பயம் தலையில். உள்ளே சுரக்கும் நீர் போக வழியில்லாமல் தலையில் தேங்கலாம். தலை வேகமாகப் பெருத்தால், உச்சிக்குழி விம்மினால், பிள்ளை பால் மறந்து தூங்கிக்கொண்டே கிடந்தால், நின்று யோசிக்காமல் கொண்டுவர வேண்டும். தலைக்குள்ளிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்தால் நீர் வடியும். பிந்தினால், கெட்டுப்போன மூளையைத் தைக்க யாராலும் ஏலாது.

"நான் கோல் எடுத்தா, அது விளையாட்டில்ல," என்றார்.

ரிப்கா ஊருக்கு வந்தாள். பிள்ளை பார்க்க ஊரும் வந்தது.

அந்த ஊரில் பிள்ளை பார்ப்பதென்றால் தூர நின்று பார்ப்பதல்ல. பேபி சோப்பும் பவுடரும் கொண்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் மல்லாத்தி, மூக்கைப் பிடித்து, தாடையைத் தடவி, இது யாருடைய நெற்றி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவார்கள். குளிப்பாட்டுவதோ இன்னொரு கலை. தெருவில் பிறந்த அரைவாசிப் பிள்ளைகளை முப்லிஹாதான் தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் கிடத்தி, எண்ணெய் பூசி, கைகால் உருவிக் குளிப்பாட்டியவள். தங்கையின் பிள்ளையைத் தொடவிடாமல் ஒரு ஆண்பிள்ளை நெஞ்சில் போட்டுக்கொண்டு கிடப்பதை அவளால் சீரணிக்க முடியவில்லை.

முனாப் முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். தையல் பிரிந்தால் கிருமி நேரே மூளைக்குப் போகும் என்றான். ஒருவரும் காதில் போடவில்லை. எத்தனை பிள்ளையைப் பார்த்தவர்கள் நாங்கள் என்றார்கள். நிஸ்தார் பலூன் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்தபோது, இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு ரப்பர் ஒவ்வாமல் போகலாம், டொக்டர் வேண்டாம் என்றார் என்றான். நிஸ்தார், பலூனுக்குப் பயந்த வாப்பாவை இன்றுதான் பார்க்கிறேன் என்று ஊதிக்கொண்டே இருந்தார். அதற்குள் வேறொரு பேச்சும் கிளம்பியது: கிரகணத்தன்று நஸீறா கத்தரிக்கோல் பிடித்தாளாம், அதுதான் பிள்ளையின் முதுகு வெட்டுப்பட்டதாம். ஒருவர் பிழையும் இல்லை, அடுத்த பிள்ளைக்கு முன்கூட்டியே ஃபோலிக் அசிட் குளிசை எடுக்கச் சொல்லுங்கள் என்று டொக்டர் சொன்னதை முனாப் எல்லோருக்கும் சொன்னான். அதையும் ஒருவரும் நம்பவில்லை.

ஆகவே அவன் தனக்குத் தெரிந்த பாதைக்கே திரும்பினான்.

முதலாவதாக, ஓட்டமாவடியில் தனக்கு ஒரு பெரியவாப்பா இருந்ததாகவும், அவருக்கு ஒரு சாண் நீளத்தில் வால் இருந்ததாகவும், சாரன் உடுக்கும்போது அதைப் பக்கவாட்டில் மடித்துச் செருகுவார் என்றும் சொன்னான். முதுகுக் குறை தன் பக்கத்துச் சொத்து என்றான். அன்றோடு கத்தரிக்கோல் பேச்சு அடங்கியது. வந்த பெண்கள் நஸீறாவை இரக்கத்தோடும் முனாபின் பின்பக்கத்தை ஆர்வத்தோடும் பார்த்தார்கள்.

இரண்டாவது பொய் சுவரில் இருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே மின்செருகியில் கொசு விரட்டும் நுளம்பு மெஷின் ஒன்று சிவப்பு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பொருத்தித் தந்த கெமரா அது என்றும், லில்லியன் மிஸ் வாட்டில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும், பிள்ளையை யாராவது மல்லாத்தினால் அங்கே மணி அடிக்கும் என்றும் சொன்னான்.

அறையில் மந்திரம் போட்டது போல ஒழுங்கு வந்தது. பெண்கள் வாசலிலேயே முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். நீட்டிய கால்களை மடக்கினார்கள். ஒருத்தி மெஷினுக்கு ஸலாம் சொன்னாள். இன்னொருத்தி போகும்போது, "மிஸ், எனக்கு இந்த முழங்கால் ரெண்டும் ராவில குத்துது, ஒரு மருந்து சொல்லுங்களேன்," என்று அதனிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருந்தாள். முப்லிஹாகூட எண்ணெய்க் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். நஸீறா தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் காய்ந்தது.

கெமராவைக் காட்டிக்கொடுத்தவர் நிஸ்தார். அறை நிறையப் பெண்கள் இருந்த பின்னேரம், நுளம்பு கடிக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, நல்ல மனிதர், கடையிலிருந்து புதுக்குப்பி ஒன்று கொண்டு வந்தார். முனாப் கண்ணால் செய்த சாடை அவருக்குப் புரியவில்லை. கட்டிலில் ஏறி, லில்லியன் மிஸ்ஸின் கண்ணைச் சுவரிலிருந்து பிடுங்கி, வெற்றுக் குப்பியைத் திருகிக் கழற்றி, புதியதைத் திருகி, மறுபடி செருகினார். முழங்கால்காரி எழுந்து வெளியே போனாள்.

முப்லிஹா அன்று சத்தம் போடவில்லை. மறுநாள் காலையில் முனாப் ஹயருக்குப் போகும்வரை காத்திருந்து, வெந்நீரும் எண்ணெயும் எடுத்து வந்தாள். நஸீறா வேண்டாம் ராத்தா, வேண்டாம் ராத்தா என்றதை அவள் பொருட்படுத்தவில்லை. பிள்ளை மடியில் புரண்டது.

ஆனால் முனாப் ஹயருக்குப் போயிருக்கவில்லை. முப்லிஹாவின் மௌனத்தைக் கண்டு பயந்து, ஓட்டோவை வீட்டோரக் குறுகலான ஒழுங்கைக்குள் தள்ளி நிறுத்திவிட்டு, யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே நஸீறாவின் போன் அடித்தது. அந்தப் போன் முப்லிஹாவிடம்தான் இருந்தது. நாற்பது நாள் முடியும்வரை பிள்ளை பெற்றவள் போனை உற்றுப் பார்த்தால் கண்ணில் நீர் கோத்துவிடும் என்று அதை அவள் தன் இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள். இலக்கத்தைப் பார்க்காமலே எடுத்தாள்.

"ச்சு ச்சு," என்றது போன். "கேளுங்க. ஆரது அந்தப் பிள்ளைய மல்லாத்தினது?"

முப்லிஹா ஆடிப்போனாள். பிள்ளையைச் சட்டென்று நெஞ்சோடு குப்புறத் தூக்கி அணைத்தாள். சுவரை அண்ணாந்து பார்த்தாள். நுளம்பு மெஷின் சிவப்பாக முறைத்தது. இல்ல மிஸ், ஒண்டுமில்ல மிஸ் என்று குழறினாள். எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கும். அந்த நேரத்தில்தான் பாண்காரன் வந்தான். அவனுடைய ஓட்டோவில் ஓயாமல் அடிக்கும் அந்தப் பாட்டு ஒழுங்கையிலும் கேட்டது, போனுக்குள்ளும் கேட்டது. ஒரே இடத்தில் ஏறி, ஒரே இடத்தில் இறங்கியது.

முப்லிஹா பிள்ளையை நஸீறாவிடம் கொடுத்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே வெளியே நடந்தாள். மட்காட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி, லில்லியன் மிஸ் உப்புநீரின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி நல்லாக் கிட்ட வந்திட்டு போல மச்சான்," என்றாள் முப்லிஹா. பாண்காரன் பாட்டை நிறுத்தி முழுவதையும் பார்த்தான்.

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. பிள்ளையை மல்லாத்தவும் இல்லை. அது வேறு விடயம், உண்மையிலேயே பயந்துவிட்டாள். ஆனால் இனி லில்லியனாவது வில்லியனாவது, எந்தக் குரல் போனில் வந்தாலும் அதை அடித்து விரட்டுவேன் என்று கோழிகளிடம் சொல்வது போல முற்றத்துக்குச் சொன்னாள்.

அடுத்த அளவெடுப்பில் நாடா ரிப்காவின் தலையில் முன்பு தொட்ட இடத்தைத் தாண்டியது. முனாப் மறுபடி வைத்துப் பார்த்தான். நாடாவில் பிழை என்று நினைத்துத் தன் தலையை அளந்தான். அது எப்போதும் போல்தான் இருந்தது. பட்டினத்துக்குக் கொண்டுபோனார்கள். படம் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை டொக்டர் நாளைக்கு வந்து பார்ப்பார், தேவையென்றால் நானே கோல் எடுக்கிறேன், போனைக் கையிலேயே வைத்திருங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார் லில்லியன் மிஸ்.

அப்படிச் சொல்லியிருந்தும், இரண்டு ராத்திரி நித்திரையில்லாத முனாப், மறுநாள் விடிந்ததும் கதிரவெளிக்கு ஒரு ஹயர் பிடித்தான். கலியாண வீட்டுக்கு வாடகைச் சட்டிகள். மத்தியானத்துக்கு முன் திரும்பிவிடலாம். டொக்டர்மார் மத்தியானத்துக்கு முன் எதையும் பார்ப்பதில்லை என்பது அவன் கணக்கு. பயத்தோடு நெஞ்சில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு கிடப்பதைவிடப் பயத்தோடு ஓட்டோ ஓடுவது லேசாக இருந்தது. சட்டிகள் வழி நெடுகக் கலகலத்து அவனை யோசிக்கவிடவில்லை. சட்டிகளை இறக்கிவிட்டு வெறும் ஓட்டோவில் திரும்பும்போதுதான் போனைப் பார்த்தான். கதிரவெளியில் சிக்னல் இருக்கவில்லை.

பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டியதும் போன் துடித்தது. லில்லியன் மிஸ். ச்சு ச்சு இல்லை, நேரே விஷயம்.

"தம்பி, எங்க நிக்கிறீங்க? டொக்டர் காலையிலேயே வந்து படத்தைப் பார்த்திட்டார். தலையில தண்ணி ஏறிட்டு. இண்டைக்குப் பின்னேரமே குழாய் வைக்கப்போறார், தியேட்டரும் எடுத்தாச்சு. பிள்ளைய உடனே கொண்டு வரச் சொல்லி உங்கட வீட்டுக்கு எடுத்தன். ஆரு தம்பி அந்த மனிசி?"

அது முப்லிஹா என்று முனாபுக்குத் தெரியும். என்ன சொன்னா மிஸ் என்று கேட்டான்.

"நான் லில்லியன், வாட்டில இருந்து பேசுறன் எண்டு சொல்லச் சொல்ல, 'நல்லாத்தான் செய்றாய் முனாப், ஆனா மிஸ் இவ்வளவு கத்தமாட்டா' எண்டு வச்சிட்டா. மறுகா எடுத்தன், எடுக்கிறா இல்ல."

பிள்ளை காலையில் பால் குடித்தாளா என்று மிஸ் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. அவன் புறப்படும்போது நல்ல நித்திரை. நல்ல நித்திரை என்று சொல்லிவிட்டு, அந்த வார்த்தையைக் கேட்டு அவனே விறைத்துப்போனான்.

ஏறாவூருக்கு இன்னும் எவ்வளவோ தூரம். ஓட்டோவைப் பறக்கவிட்டான்; ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் போன். முதலில் நிஸ்தாருக்கு அடித்தான். நிஸ்தார் எடுத்தார். முனாப் மூச்சு வாங்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், உடனே கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள் நிஸ்தார் காக்கா என்றான்.  நிஸ்தார் சிரிப்பு வராமல் அடக்கிக்கொண்டு கேட்டார்: "வெனிலாவா, மாம்பழமா?" வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது போன் நிறுத்தப்பட்டிருந்தது.

வேலி ஓரத்தில் எருமைகள் நின்றன. முகத்தைத் திருப்பிக்கொண்டன. முனாப் பாதையோரம் ஓட்டோவை நிறுத்தி, நஸீறாவின் போனுக்கு அடித்தான்.

அடித்தது. எந்தக் குரலில் பேசுவது என்று அவன் அவசரமாக யோசித்தான். நஸீறாவின் குரலில் பேசினால் பக்கத்திலேயே நஸீறா இருப்பாள். பஹ்மியின் குரலில் பேசலாம், ஆனால் இந்த இலக்கத்தில் பஹ்மி எப்படி வருவான்? டொக்டர் ஒருவரைப் புதிதாக உண்டாக்கலாம். குரல் தடிப்பாக, இங்கிலீஷ் கலந்து, பிழையே இல்லாமல் வரும். ஆனால் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவன் முனாப்தான் என்று முப்லிஹா அந்த இடத்திலேயே கண்டுபிடிப்பாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு குரல். அதை அவன் யாரிடமும் அதிகம் பாவித்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று அவனுக்கே சரியாக நினைவில்லை. தொண்டையைச் செருமினான். மதினி, என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். நிஸ்தாரின் குரல் போல இருந்தது. மறுபடி சொன்னான். இப்போது யாருடையது போலவும் இல்லை. நடுங்கியது, பாதியில் உடைந்தது. இதுதான் என்று நினைத்தான்.

போன் அடித்துக்கொண்டிருந்தது. முப்லிஹாவின் இடுப்பில் அது துடிக்க, அவள் கோழிக்குத் தவிடு குழைத்தபடி வேண்டுமென்றே கேளாததுபோல் இருக்கலாம். அல்லது பிள்ளை பாலுக்கு எழும்பவில்லையே என்று நஸீறா உச்சியைத் தொட்டுப் பார்த்து, இருவருமாக அள்ளிப் பிடித்துக்கொண்டு, போனை வீட்டில் மறந்துவிட்டு, பாண்காரனின் ஓட்டோவிலேயே பட்டினத்துக்கு ஏறியிருக்கலாம். நின்றது. முனாப் மறுபடியும் அழுத்தினான், காதில் வைத்தான், நெஞ்சை ஒரு கையால் பொத்திக்கொண்டான், அங்கே யாரோ குப்புறக் கிடப்பது போல. மதினி, மதினி, நான் முனாப், உண்மையான முனாப் என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்தபடி நின்றான்.

அடித்துக்கொண்டே இருந்தது.